அவ ரத்தம்தான் கொன்னுச்சாம்

இல்ல இன்ஸ்பெக்டர் மேடம், மாடிப்படியில அவ விழுந்துட்டதா அவன் சொல்றது பச்சைப் பொய். எங்க வீட்டுக்கு மாடியே கிடையாது. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். நீங்க உக்காந்து எழுதுங்க, நான் நின்னுக்கிட்டே சொல்றேன். உக்காந்தா எனக்கு வார்த்தை வராது.

ஆமா, அடிச்சவன் என் கூடப்பிறந்த தம்பி. லாரி மெக்கானிக். உள்ள தாடையில கம்பி கட்டிப் படுத்திருக்காளே, அவன் பொண்டாட்டி. அவளால வாயைத் திறக்க முடியாது, அதான் நான் பேசறேன். எதை வச்சு அடிச்சானா? வெறுங்கையாலதான். முதல் குத்துலயே பல்லு ரெண்டு தெறிச்சு வாசப்படி வரைக்கும் போச்சு. ரெண்டாவது குத்துல தாடை நொறுங்கின சத்தம் கேட்டுச்சு. யாரோ எலும்புக்கறி கடிக்கிற மாதிரி. அப்ப குழந்தை செத்துப் பிறந்து ஆறு நாள்தான் மேடம் ஆகியிருந்துச்சு. பால் கட்டி வலிக்குதுன்னு மார்ல துணியைச் சுத்திக்கிட்டுச் சுருண்டு கிடந்தா. முடியைப் பிடிச்சுத் தூக்கி, உன் ரத்தம்தான்டி என் புள்ளயைக் கொன்னுச்சு, நீதான்டி கொன்னேன்னு சொல்லிச் சொல்லிக் குத்தினான்.

அந்தப் பேச்சா? அது அன்னிக்குக் காலையில வந்த பேச்சு. ரிப்போர்ட் வாங்க நானும் அவனும் இதே ஆஸ்பத்திரிக்கு வந்தோம். ரத்தம் பாக்குற லேப்ல ஒரு அம்மா இருக்காங்க, தங்கமானவங்க, எங்களை உக்கார வச்சுச் சொன்னாங்க. தாயோட ரத்தம் குழந்தையோட ரத்தத்தை அழிச்சிருக்குன்னுதான் ஆரம்பிச்சாங்க. அவ்வளவுதான், நாற்காலியைத் தள்ளிவிட்டுட்டு எழுந்து போயிட்டான். மீதியை நான் மட்டும் கேட்டேன். அவன் கேட்ட பாதியும் பொய்யில்ல மேடம், அதான் கொடுமை. அதனால மீதியையும் நீங்க எழுதணும். இல்லேன்னா நாளைக்குக் கோர்ட்லயும் அதையேதான் சொல்லுவான்.

எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன், தப்பிருந்தா அந்த அம்மாகிட்டக் கேட்டுக்கோங்க. இவ நெகட்டிவ் குரூப். தம்பி பாசிட்டிவ். பிறந்த ரெண்டு பிள்ளைக்கும் அப்பன் குரூப் வந்திருச்சு. அது ஒரு குத்தமில்ல, எத்தனையோ வீட்டுல அப்படித்தான். தாய் ரத்தமும் பிள்ளை ரத்தமும் பக்கத்துப் பக்கத்துல ஓடும், ஆனா கலக்காது. கலந்தாத்தான் வினை. ரத்தத்துல வெள்ளை அணு இருக்குல்ல, அதுல பி செல்னு ஒரு வகையாம். கோடிக்கணக்குல இருக்குமாம். ஒவ்வொண்ணு மேலயும் கொக்கி மாதிரி ஒண்ணு. அந்தக் கொக்கி கண்டதையும் பிடிக்காது, அதுக்குன்னு ஒரே ஒரு அடையாளம் இருக்கும், அதைத்தான் பிடிக்கும். பொருந்திருச்சுன்னா லபக்குன்னு கவ்வி உள்ள இழுத்து, துண்டு போட்டு, கூட இருக்குற இன்னொரு வகை வெள்ளை அணுகிட்டக் காட்டும். அது சரின்னு சொல்லிட்டா தீர்ந்துச்சு. ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, பெருகிப் பெருகி, அதே கொக்கியைத் தனியாச் செஞ்சு ரத்தத்துல கொட்ட ஆரம்பிச்சிரும். ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்குல. அதுதான் ஆன்டிபாடி. காய்ச்சல் கிருமி வந்தா நம்மளைக் காப்பாத்தறதும் அதேதான் மேடம். வெளியிலருந்து வந்ததா, பிடி, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். அது கிருமியா புள்ளயான்னு அதுக்கு என்ன தெரியும்?

எப்படிக் கலந்துச்சுன்னுதானே கேக்குறீங்க. சொல்றேன்.

மூத்த பொண்ணு, பெரியவளுக்கு இப்ப மூணு வயசு. அவ வயித்துல இருந்தப்ப ஏழாம் மாசம். வேலையில இருந்து மூணு தடவை போன் பண்ணியிருக்கான், இவ குளிச்சுக்கிட்டு இருந்தா, எடுக்கல. முனையில இரும்பு வச்ச பூட்ஸைக்கூடக் கழட்டாம வீட்டுக்குள்ள வந்தான். ஈரத் தலையோட நின்னவளை, எவன்கூடடி இருந்தேன்னு கேட்டுச் சுவத்துல மோதினான். விழுந்துட்டா. விழுந்தவ ரெண்டு கையாலயும் வயித்தைப் பொத்திக்கிட்டா. அந்தக் கையோட சேர்த்து உதைச்சான். நாலு உதை. அண்ணி, அண்ணின்னு என்னைத்தான் கூப்பிட்டா.

நானா? அதே ரூம்லதான் தைச்சுக்கிட்டு இருந்தேன். மிஷினை நிறுத்தல. இன்னும் வேகமா மிதிச்சேன், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு. நீங்க இப்படிப் பார்க்கறது நியாயந்தான். எங்கம்மா போனதுக்கப்புறம் அவனை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். நான் போட்ட சோத்துல வளர்ந்த காலு அது.

அந்த உதையிலதான் பிள்ளை ரத்தம் கசிஞ்சு இவ ரத்தத்துல இறங்கியிருக்கு. கொஞ்சம் போதுமாம். முதல் தடவைங்கறதால ஆன்டிபாடி மெதுவாத்தான் வந்துச்சாம், முதல்ல வர்றது உருவத்துலயும் பெருசு, பிள்ளைகிட்ட நெருங்க முடியாது. அதனால பெரியவ தப்பிச்சா. ஆனா அந்தச் செல்லுல கொஞ்சம் சாகாமத் தங்கிடும். வருஷக்கணக்காத் தங்கும். ரெண்டாவது பிள்ளை உண்டானதும், அதே ரத்தம் துளி பட்டதுதான் தாமசம், மளமளன்னு கிளம்பிருச்சு. இந்தத் தடவை வந்தது சின்னது, நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போயிரும். போய்ப் பிள்ளையோட சிவப்பணு ஒவ்வொண்ணுலயும் ஒட்டிக்கிட்டு, இருந்ததையெல்லாம் அழிச்சிருச்சு. ஆறு மாசம் வரைக்கும் செக்கப்புக்கே அனுப்பல மேடம் அவன். எப்படி அனுப்புவான், மாசத்துக்கொரு தடவை இவ மூஞ்சி வீங்கியிருந்துச்சே. கூட்டிட்டு வந்தப்ப டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. ஆம்பளப் புள்ள. நான்தான் கையில வாங்கினேன். உடம்பெல்லாம் நீர் கோத்து, தோலு கண்ணாடி மாதிரி, வெள்ளை வெளேர்னு… என் விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்துச்சு. கண்ணு எங்க இருக்குன்னே… வேணாம், அதை எழுத வேணாம்.

தடுத்திருக்கலாமா? தாராளமா. அதுக்குன்னே ஒரு ஊசி இருக்காம். அடிபட்டு மூணு நாளைக்குள்ள போடணும். உள்ள வந்த பிள்ளை அணுவையெல்லாம் அந்த பி செல் கண்ணுல படறதுக்கு முன்னாடியே துடைச்சு எடுத்துரும். பெரியவ பிறந்ததுக்கப்புறம் போட்டாங்கதான், அதுக்குள்ள ரெண்டு மாசம் ஓடிப்போச்சு, உடம்பு பழகிக்கிச்சு.

சேச்சே, ஆஸ்பத்திரியைக் குத்தம் சொல்லாதீங்க. உதைச்ச மறுநாளே வந்தோமே, பிள்ளை அசையலன்னு. நானும் அவளும். டாக்டர் நல்லாத்தான் கேட்டாங்க. நீ நெகட்டிவ் குரூப்மா, கீழ விழுந்தியா, வயித்துல அடிகிடி பட்டுச்சா, மறைக்காம சொல்லு, ஒரு ஊசி போடணும்னு அவ கையைப் பிடிச்சுக் கேட்டாங்க. அவ சொல்ல வாயெடுத்தா. நான் முந்திக்கிட்டேன். அடியா, என்ன டாக்டர் நீங்க, என் தம்பி இவளைத் தரையில கால் வைக்கவே விடமாட்டான்னு சொல்லி, அவ தோளைச் சேர்த்து அணைச்சுக்கிட்டேன். டாக்டர் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, அவளும் சிரிச்சா.

பேனாவைக் கீழ வச்சிட்டீங்களே மேடம். எழுதுங்க.