நிற்கிற ஜீப்

"சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாதவ, படத்துல கார் பறக்கிறதக்கூடப் பாக்காதவ, கம்ப்யூட்டர்ல கார் ஓட்டப் போறியாக்கும்?" என்று கேட்டாள் வகுப்புத் தோழி. கல்லூரிக் கண்காட்சிக்காக ஒரு வீடியோ கேம் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் என் கார் கிளம்பிய வேகத்தில் திரையின் ஓரத்துக்குப் போய், அதற்குமேல் போக இடமில்லாமல் நின்றுவிடும்.

அன்று வேடசந்தூர் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு மில் பெண்கள்.

"மதினி, சிறுமலையில சினிமா ஷூட்டிங் பாத்தேன். கதாநாயகன் ஓட்டுற ஜீப்பு நகரவே இல்ல."

"பெட்ரோல் தீந்துருச்சாக்கும்."

"இல்ல மதினி. நாலு பேரு ஜீப்பப் பிடிச்சு ஆட்டுறாக. ரெண்டு பேரு மரக்கொப்பத் தூக்கிக்கிட்டு முன்னாலருந்து பின்னால ஓடுறாக. படத்துல ஜீப்பு பறக்குமாம்."

"அப்பக் கொப்பு தூக்குனவனுக்குல்லடி மாலை போடணும்?"

"அவனுக்கு டீயும் வடையும்தான்."

"இந்த பஸ்ஸுக்கும் எவனோ கொப்பு தூக்குறான். இம்புட்டு ஆட்டம் ஆடுது, ஊரு வரக் காணோம்."

மறுநாள் காலை லேபில் காரைத் திரையின் நடுவில் நிறுத்தினேன். மரங்களைப் பின்னோக்கி ஓடவிட்டேன். கார் பறந்தது. காருக்குக் கொஞ்சம் ஆட்டமும் எழுதிச் சேர்த்துவிட்டு, கண்காட்சிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.