விழுந்த இடம்

— பாறைத்திட்டுக்கிட்ட உங்க தம்பி தவறி விழுந்துட்டார்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்படின்னா இந்தத் தண்ணி கேன் கிடைச்ச இடத்துக்குப் போக வாய்ப்பே இல்ல சார்.

— கடல் மேடம். எதை எங்க கொண்டு போகும்னு யாருக்குத் தெரியும்?

— எனக்குத் தெரியணும். கடல்ல காணாமப் போறவங்களைத் தேடத்தான் இந்த நாற்காலில உக்கார வெச்சிருக்காங்க. இப்படி வந்து ஸ்கிரீனைப் பாருங்க. நேத்து சாயங்காலத்துல இருந்து அடிச்ச காத்து, நீரோட்டம் எல்லாம் இதுல இருக்கு. திட்டுல விழுந்த ஆளு இந்நேரம் கிழக்கால போயிருக்கணும். காலைல இருந்து ஹெலிகாப்டர் அங்கதான் சுத்துது.

— அப்ப அங்கயே தேடச் சொல்லுங்க.

— கேன் கிடைச்சது வடக்கால. உங்க படகு நம்பர் எழுதின கேன். தம்பியோட சேர்ந்து விழுந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க.

— கேன் லேசு மேடம். காத்து தள்ளியிருக்கும்.

— அதையும் சேத்துத்தான் கணக்கு போட்டேன். கிடைச்ச இடத்துல இருந்து வந்த வழியே பின்னாடி போய்ப் பாத்தேன், ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் கப்பலுக்கு வழி காட்டற அந்த விளக்கு மிதவைலதான் போய் நிக்குது.

— மெதுவா பேசுங்க மேடம்.

— கதவைச் சாத்தியிருக்கேன். வெளில உக்காந்திருக்கிற உங்க அம்மாவுக்குக் கேக்காது.

— அவன் விழல மேடம்.

— சொல்லுங்க.

— அப்பாவை முதியோர் இல்லத்துல சேத்துடலாம்னான். பேச்சு முத்திடுச்சு. என் படகுல இருக்காத, இறங்குடான்னேன். அவனுக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். மிதவைல ஏணி இருக்கில்ல, தாவி ஏறிட்டான். சரி, கொஞ்ச நேரம் காயட்டும்னு படகைத் திருப்பினேன். தாகம் எடுக்குமேன்னு கேனை மட்டும் வீசிட்டுப் போனேன்.

— எப்ப திரும்பி வந்தீங்க?

— வர்ற வழில இஞ்சின் மக்கர் பண்ணிடுச்சு. ஒரு மணி நேரம் போச்சு, அலையும் ஏறிடுச்சு. வந்து பாத்தா மிதவை வெறுமனே ஆடிட்டு இருக்கு.

— இதை நேத்தே ஏன் சொல்லல?

— சொன்னா அம்மா அப்புறம் என் முகத்துல முழிப்பாங்களா?

— லைஃப் ஜாக்கெட்? அதையாவது மறைக்காம சொல்லுங்க.

— போட்டிருந்தான். பட்டிய நான்தான் இழுத்து மாட்டி விட்டேன்.

— இருங்க… ஹலோ, கன்ட்ரோல் ரூம்ல இருந்து பேசறேன். ஹெலிகாப்டரை வடக்கால திருப்புங்க. ஆமா, புது இடம் அனுப்பியிருக்கேன். காரணமெல்லாம் அப்புறம் சொல்றேன்.

— கிடைச்சுடுவானா மேடம்?

— தண்ணி ரொம்பக் குளிரா இல்ல. இப்போதைக்கு அதுதான் சொல்ல முடியும்.

— என் புத்திய செருப்பால அடிக்கணும். நீங்க என் மூஞ்சில துப்பினாலும் வாங்கிக்கறேன்.

— துப்பற தகுதி எனக்கு இல்ல சார். காலைல ஏழு மணிக்கு ஒரு சரக்குக் கப்பல்ல இருந்து கூப்பிட்டாங்க. வடக்கால யாரோ கையை ஆட்டின மாதிரி இருந்துச்சு, திரும்பிப் போய்ப் பாக்கவான்னு கேட்டாங்க. கணக்கு ஒத்து வரல, நீங்க கிளம்புங்கன்னு சொன்னது நான்தான்.