விளிம்பில் நடந்தது

மஹதி: …ஓம் அக்கா, ஆள் தப்பினதே பெரிய காரியம். சரி, ஃபோனை வைக்கிறன், இவர் வேலையாலை வந்திட்டார்.

தர்சிகன்: இது எத்தினையாவது ஆள்?

மஹதி: ஆறாவது. லண்டன் ஹவுன்ஸ்லோவிலை எங்கடை ஆக்கள் இனி ஒருத்தரும் மிச்சமில்லை.

தர்சிகன்: அமெரிக்காவிலை கிராண்ட் கேன்யன் எப்பிடி இருந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையோ?

மஹதி: கேட்டவை. சிவத்தக் கல்லு, அடி தெரியாத பள்ளம், டென்டுக்குள்ளை பல்லுக் கிட்டுற குளிர் எண்டெல்லாம் சொன்னன். அதுக்குள்ளை நீங்கள் வழுக்கின கதை வந்திடும்.

தர்சிகன்: அதை விடுமன்.

மஹதி: எப்பிடி விடுறது? சூரியன் எழும்புறதைப் பாக்கப் போன மனுசன்… பக்கத்து டென்ட் ஜெர்மன்காரன் உங்கடை முதுகுப் பையைப் பிடிச்சு இழுத்திராட்டி, நான் தனியத்தான் ஹீத்ரோவிலை வந்து இறங்கியிருப்பன். இந்தச் சப்பாத்தைக் கடையிலை திருப்பிக் குடுக்கப்போறன்.

தர்சிகன்: சப்பாத்திலை பிழையில்லை.

மஹதி: புதுச் சப்பாத்து… அங்கை மண்ணும் உதிரி…

தர்சிகன்: மஹதி.

மஹதி: அங்கை காவலுக்கு நிண்ட ரேஞ்சரும் சொன்னவர், வருசா வருசம் ஆக்கள் இப்பிடி…

தர்சிகன்: கொஞ்சம் இரும். நான் வழுக்கேல்லை.

மஹதி: சரி, முதல்லை வந்து சாப்பிடுங்கோ.

தர்சிகன்: நீர் நித்திரை எண்டு நினைச்சுத்தான் எழும்பிப் போனனான்.

மஹதி: ஏனப்பா…

தர்சிகன்: தெரியாது. அண்ணை செத்ததிலையிருந்து… ஷிப்டுக்குப் போறன், வாறன், ஆக்களோடை சிரிக்கிறன். உள்ளுக்கை ஒண்டுமில்லை. அந்த மனுசன் இழுத்து விழுத்தினாப் பிறகு, நீர் ஓடி வாறதைக் கண்டிட்டு, வழுக்கிப்போச்சு எண்டு சொன்னன். நீரும் நம்பினீர்.

மஹதி: நம்பேல்லை.

தர்சிகன்: …என்ன?

மஹதி: நான் நித்திரையில்லை. பின்னாலை வந்தனான். நீங்கள் விளிம்புக்கு அங்காலை காலை எடுத்து வைச்சதைக் கண்டனான். கத்த வாய் வரேல்லை… கையைத்தான் காட்டினன். அதைப் பாத்துத்தான் அந்த ஜெர்மன்காரன் ஓடினவன்.

தர்சிகன்: அப்ப… ஆறு பேருக்கும் ஏன் வழுக்கினது எண்டு சொன்னீர்?

மஹதி: திருப்பித் திருப்பிச் சொன்னா எனக்கே அது உண்மையாப் போயிடும் எண்டு நினைச்சன். போகேல்லை. வெள்ளிக்கிழமை காலமை டொக்டரிட்டை நேரம் எடுத்து வைச்சிருக்கிறன்… உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல் மூண்டு நாளா முழுசிக்கொண்டு திரிஞ்சனான். நானும் கூட வாறன். அவரிட்டை மட்டும் வழுக்கினது எண்டு சொல்லாதேங்கோ.