குருக்கள் வீட்டு மாடியில் ஒரு பைத்தான்

அந்தப் பௌர்ணமிக் காலையில் வீட்டில் இருந்தவர்கள்: மாடி அறையில் மாறன், லாட்ஜில் இரவு வேலை முடித்து வந்து இன்னும் தூங்காதவன். அவன் மடியில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூன்றரை அடிப் பைத்தான். கீழே வீட்டுக்காரக் குருக்களின் மனைவி அகிலாண்டேஸ்வரி, வாசல் கேட்டின் சாவியை இடுப்பில் செருகியபடி. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் தண்ணீர் கேட்டும் கழிப்பறை கேட்டும் உள்ளே வந்துவிடும் என்று காலையிலேயே பூட்டிவிடுவாள். மாடியில் பாம்பு இருப்பது அவளுக்குத் தெரியாது. எட்டு மாதமாக.

"ஹலோ... ஹலோ, சைலஜா மேடங்களா? நீங்க பாம்பெல்லாம் பாக்கறீங்களாமே... போன வெச்சிடாதீங்க மேடம், காலையிலேர்ந்து மூணு மாட்டு டாக்டருங்க வெச்சிட்டாங்க... கடிக்கலீங்க, வளக்கறது. நம்மூரு மலைப்பாம்பு இல்ல, ஆப்பிரிக்கா பைத்தான். பேப்பர்லாம் இருக்கு. வாயில புண்ணு... ஆமா... ஆமா... மொதல்ல ஈறுல ஊசி குத்துன மாதிரி செவப்புப் புள்ளி. இப்ப மஞ்சளா, கெட்டித் தயிர் மாதிரி ஒட்டிக்கினு இருக்கு. நூலு நூலா எச்சி. வாயை முழுசா மூட முடியல... சாப்பிட்டு அஞ்சு வாரம் ஆச்சு... மூச்சா? இருங்க."

டப்பாவில் காதை வைத்தான்.

"கேக்குதுங்க. லேசா, விசில் மாதிரி... நெஞ்சுக்கு எறங்கிடுச்சா?

"மருந்தா... பெருசா ஒண்ணும் இல்லீங்க. மணத்தக்காளிச் சாறு விட்டேன்... திட்டுங்க மேடம், பரவால்ல. வாய்ப்புண்ணுன்னா எங்க வீட்ல அதான். கீழ மாமிகிட்ட எனக்குத்தான் புண்ணுன்னு சொல்லிக் கீரை வாங்கினேன். பத்து நாளா காரமில்லாம கூட்டு செஞ்சு தர்றாங்க. பாம்பு குடிச்சது கம்மி, நான் தின்னதுதான் ஜாஸ்தி... சரிங்க, இனிமே விடல.

"சூடா?... பல்பு இருந்திச்சு. மார்கழி பொறந்ததும் எடுத்துட்டேன். பகல்ல என்னப்பா லைட்டுன்னு மாமி கேட்டாங்க... ஆமாங்க. குளுருதான். நான்தான் பண்ணேன். தெரியுது.

"இன்னிக்கேவா?... ஒரு மணிக்கு மெட்ராஸ் கெளம்பறீங்களா. திரும்பறது திங்கக்கெழமை... அதுவரைக்கும் தாங்காதா?... தாங்காது. சரி.

"நான் அடி அண்ணாமலை மேடம், நீங்க வேங்கிக்கால். கிரிவலக் கூட்டத்துல இன்னிக்கு ஆட்டோ விடமாட்டான்... நடக்கலாங்க, நடக்கறதில்ல பிரச்சனை. கேட்டு பூட்டியிருக்கு. சாவி மாமிகிட்ட. டப்பாவோட அவங்க கூடத்தத் தாண்டித்தான் போவணும்... குருக்கள் வீட்ல எனக்கு ரூம் குடுத்ததே பெருசு. முட்டைகூடத் தொடமாட்டேன்னு சத்தியம் வாங்கினாங்க... வேற ரூமா? பாம்போட யாருங்க குடுப்பாங்க?

"சொல்லுங்க, எழுதிக்கறேன். சீழைச் சொரண்டக்கூடாது. துணிப்பையில போட்டு வாயைக் கட்டணும்... பை வாயை. சரி, சரி. பக்கத்துல சுடுதண்ணி பாட்டில், துணி சுத்தி. கைய சோப்பு போட்டுக் கழுவணும்... பொழைக்குமா மேடம்?... ஊசி போட்டாத்தான் தெரியும். சரி."

மணி பத்தே முக்கால். பாம்பைப் பையில் கட்டி டப்பாவுக்குள் வைத்தான். போனை அணைக்காமலே படியிறங்கினான்.

"லைன்ல இருங்க மேடம்... மாமி, கேட்டத் தெறங்க... சாப்பாடு வேணாம். புண்ணு எனக்கில்ல மாமி. இதுக்கு... பாம்பு... கும்பிடாதீங்க மாமி, சாமி இல்ல, சீக்குப் புடிச்ச பாம்பு... எட்டு மாசமா... கடிக்காது... பால்லாம் குடிக்காதுங்க. எலி... செத்த எலி. ஐஸ்ல வெச்சது...

"...என்கிட்ட ஏது மாமி ஃப்ரிட்ஜு. மருந்துன்னு சொல்லி உங்க ஃப்ரிட்ஜ்ல ஒரு டப்பா வெச்சேனே... ஆமா. அதுதான்... நைவேத்தியப் பால் பக்கத்துலதான் மாமி. பொய் சொல்லல.

"மாமி... அழாதீங்க மாமி. குருக்கள்கிட்ட நானே... வேணாமா. சரி. துணிமணிய நாளைக்கு வந்து... வரவேணாம். சரி மாமி. மொதல்ல தெறங்க, நேரமாவுது."

அவள் அவன் மேல் படாமல் சுவரோடு ஒட்டி நின்று கேட்டைத் திறந்தாள். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே கால் வைத்தான். கூட்டம் அவனை அப்படியே இழுத்துக்கொண்டது.

"மேடம், வந்துட்டேன்... ஆமா, ஆமா, நடக்கறேன். பன்னெண்டரைக்குள்ள... ஹலோ? ஹலோ?"

லைன் போய்விட்டது. பின்னால் கேட்டை இழுத்துச் சாத்தி அவள் பூட்டுப் போட்டாள். பூட்டை இரண்டு தடவை இழுத்தும் பார்த்தாள்.