அவர் பெயரில் ஒரு செடி

"அது தனி இனமே இல்ல அண்ணி, நூறு வருஷத்துக்கு முன்னாடியே வேற ஒருத்தர் பேரு வச்ச—"

"நீ பாத்தியா? பூவோட பாத்தியா?"

"எங்க பாக்குறது? உங்க தாள்ல இருக்கிறது பூவா? காப்பிக் கறை மாதிரி—"

"காசித்தும்பையக் காயவச்சா அப்படித்தான் இருக்கும். இதுகூடத் தெரியாமலா மறுஆய்வு பண்ண உக்காந்திருக்க?"

"அதத்தான் நானும் சொல்றேன். காஞ்சத வச்சு முடிவு பண்ண முடியாது. மழை வந்து பூக்கட்டும், நேர்ல போய்ப் பாத்துடறேன்."

இதைச் சண்டை என்று நினைக்க வேண்டாம். நானும் என் நாத்தனாரும் உப்பு போதுமா என்று கேட்டுக்கொள்வதும் இதே சுருதியில்தான். ஹெர்பேரியத்தில், அதாவது செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் கூடத்தில், எங்கள் மேசைகள் எதிரெதிரே. நுண்ணோக்கியின் கீழ் பூவைப் பிரிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் போகிறேன். அந்த இரும்பு அலமாரிகளின் அந்துருண்டை வாசனை இல்லாமல் எனக்குப் பொழுது நகராது.

அவள் சந்தேகப்பட்டது சுண்டுவிரல் உயரச் செடி ஒன்றை. மலைப்பாதையில், ஒரு சின்னப் பாலத்தை ஒட்டிய ஈரப் பாறையில், பாசிக்குள் கிழங்கு வைத்து வளர்வது. வேறெங்கும் அதைக் கண்டவர் இல்லை. கல்யாணமான புதிதில் நான் அதைப் புது இனம் என்று அறிவித்து, என் கணவரின் பெயரை வைத்தேன். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் துறையில் அசிங்கம். அடுத்தவர் பெயரை வைக்கலாம்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. "அவனவனுக்குப் பேரன் பேத்தி. எனக்குப் பாறையில ஒரு குட்டிச் செடி" என்பார், வீட்டுக்கு வந்தவரிடமெல்லாம்.

இப்போது அவருக்கு நடை தளர்ந்துவிட்டது. நினைவும் வந்து வந்து போகிறது. சில காலைகளில் என் பெயர்கூடத் தப்பிவிடும். செடி தப்பாது. "என் செடி நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரைக்கு வாயைத் திறப்பார்.

நாத்தனார் சொல்வது உறுதியானால் பழைய பெயர்தான் நிற்கும். என் கணவர் பெயர் அதற்கு அடியில், பொடி எழுத்தில், 'இதுவும் அதுவே' என்று கிடக்கும்.

"அண்ணன் பேருங்கிறதால நான் கண்ண மூடிக்க முடியுமா அண்ணி?" என்றாள். நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். நான் யோசித்தேன்.

முதன்முதலில் அதைப் படம் வரைந்த அன்று, வரைவதற்குள் பூ வாடிவிட்டது. பூவின் பின்னால் தேன் நிறைந்த ஒரு வால் இருக்கும். அது வளைந்ததா நேரானதா என்பதைப் பாதி பார்த்தும் பாதி ஊகித்தும் வரைந்தேன். அந்த வளைவுதான் புது இனம் என்பதற்கு என்னிடமிருந்த ஒரே ஆதாரம். புதுப் பூ கையில் கிடைத்தால் அவள் ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடுவாள். பூவே கிடைக்காவிட்டால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பெயர் அப்படியே நிற்கும். அப்போது இது எனக்கு நல்ல ஏற்பாடாகவே பட்டது.

மழை பிடித்துக் கொஞ்ச நாளில், பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். பாலத்தருகே இறங்கினால் எட்டித் தொடும் தூரத்தில் பாறை. இலைகள் விரிந்து, மொட்டுகள் அரிசியளவில் இருந்தன. சுரண்டியால் மேலிருந்து கீழாகப் பாசியோடு வழித்தேன். ஊறிய தோல் உரிவது போல வந்தது. இடுக்குகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. எல்லாம் சேர்ந்து ஒரு துணிப்பைகூட நிறையவில்லை. ஒரு மொட்டைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். லென்ஸ் கழுத்தில்தான் தொங்கியது. பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் கொதிக்க வைத்தேன். அப்படிச் செய்தால்தான் கிழங்கும் விதையும் மிச்சமில்லாமல் சாகும்.

உள்ளறையிலிருந்து அவர் கேட்டார். "என்ன, கீரை வேகுதா?"

"ஆமா."

"எனக்கும் கொஞ்சம் வை."

எல்லாம் அவருக்காகத்தான் செய்தேன். மறுநாள் அவருக்குப் புத்தி தெளிவாக இருந்த நேரம் பார்த்து, "உங்க பேரு எங்கயும் போகாது. இனி யாரும் அதுல கைவைக்க முடியாது" என்றேன்.

சிரித்தார். "என் பேருக்கு என்ன வந்துச்சு? அதுக்குப் பின்னாடி உன் பேரு ஒட்டிக்கிட்டு வருதே, அதுக்குத்தானே இந்தப் பாடு?"

செடியின் பெயருக்குப் பின்னால் அதை வைத்தவர் பெயரையும் எழுதுவது எங்கள் வழக்கம். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அந்தப் பெரிய பாத்திரத்தை எடுத்து மறுபடியும் தேய்த்தேன்.

நேற்று நாத்தனார் என் கையைப் பிடித்துத் தன் மேசைக்கு இழுத்துப் போனாள். சேகரிக்கும் செடிகளில் ஒன்றிரண்டை வேறு ஹெர்பேரியங்களுக்கும் அனுப்பிவைப்போம். அப்படிப் போய், நான் மறந்தே போயிருந்த இந்தச் செடியின் தாள் ஒன்றை இரவல் கேட்டு வரவழைத்திருந்தாள்.

"இதப் பாருங்க அண்ணி. மெல்லிசு தாளுக்குள்ள ஒரே ஒரு பூ. இதழ் இதழாப் பிரிச்சு, நோகாம அழுத்தியிருக்கு. யாரு வேல இது?"

செடியை முதலில் எடுத்த அன்று நான் குறிப்பெழுத, செடிகளைத் தாளில் வைத்து அழுத்தியவர் என் கணவர். குனிந்து நுண்ணோக்கியில் பார்த்தேன். வால் வளைந்திருந்தது. நான் வரைந்ததைவிட நன்றாக, கொக்கி போல.

ஆக, அது தனி இனம்தான். ஒரே ஒரு பாறையில் இருந்த இனம். கடைசிக் கிழங்கு வரை அதை அழித்தது நான். உங்களிடம் இதைச் சொல்ல முடிகிறது. அவளிடம் முடியவில்லை.

"நான்தான் தப்பு, ஒத்துக்கறேன். திட்டுங்க" என்று அவள் என் தோளை உலுக்கினாள். "என்ன அண்ணி, ஜெயிச்சவங்க அழுவாங்களா? மழை விடுறதுக்குள்ள போயிடணும், இப்ப பூத்திருக்கும். அண்ணனையும் வண்டியில வச்சுக் கூட்டிட்டுப் போலாம், அவரு செடிய ஒரு தடவ பாக்கட்டும். எப்பக் கிளம்பலாம்?"