மாமா வண்டியில ஓடுற சார்ஜர்

மச்சான்: எங்க மாமா அது? லைட்டர் ஓட்டையில காணோமே.

மாமா: கார்ல ஏறினதும் ஏறாததுமா சார்ஜரா? கதவைச் சாத்துடா. ஆமா... வாசல் கேட்டுக்கிட்ட யாரு நிக்கிறது?

மச்சான்: தெரிஞ்சவருதான். நான் செஞ்ச சார்ஜர் எங்க?

மாமா: டேஷ்போர்டுக்குள்ள... பத்திரமா...

மச்சான்: தினமும் அதுலதான் பாட்டு கேக்குறேன்னீங்க?

மாமா: கேக்குறேன்தான். இறங்கும்போது கழட்டி வெச்சிருவேன். யாராவது தூக்கிட்டா?

மச்சான்: சோப்பு டப்பாவுல செஞ்சதை எவன் மாமா தூக்கப் போறான்? குடுங்க. அந்த எம்.பி.த்ரீ பிளேயரையும் குடுங்க. முதல்ல நாம போட்டுப் பார்ப்போம்.

மாமா: அதுல சார்ஜ் ஃபுல்லா இருக்குடா.

மச்சான்: பரவாயில்ல. லைட் எரிஞ்சா போதும்...

மாமா: டேய் டேய், சொருகாத!

மச்சான்: ஏன்?

மாமா: அதான் ஃபுல்லா இருக்குன்னேனே. பிளேயரை இப்படிக் குடு.

மச்சான்: பிளேயர் புத்தம் புதுசா இருக்கு? அக்கா கீழ போட்டு மூலை உடைஞ்சிருந்துச்சே.

மாமா: அது... ஒட்ட வெச்சேன்.

மச்சான்: மாமா.

மாமா: சரிடா. உன் சார்ஜரைச் சொருகின மொத நாளே பழைய பிளேயர் புகைஞ்சு போச்சு. உங்கக்காவுக்குக்கூடத் தெரியாது. அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டேன். கடைச் சார்ஜர் சீட்டுக்கு அடியில கிடக்கு. நீ வந்தா ஒளிச்சிருவேன்.

மச்சான்: அப்புறம் ஏன் 'சூப்பரா ஓடுது'ன்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொன்னீங்க?

மாமா: வேலை போனதுல இருந்து நீ யார் முகத்தையும் பார்க்கல. இதைக் கொண்டு வந்த அன்னிக்குத்தான் சிரிச்ச. கெடுக்க மனசு வரல... எனக்கே வெக்கமா இருக்குடா.

மச்சான்: ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?

மாமா: இந்தா. கோவமா?

மச்சான்: இருங்க, மூடியைத் திறக்குறேன்... ச்சே. இந்த மூணு கால் சாமான் இருக்குல்ல? பன்னெண்டு வோல்ட்டை அஞ்சாக் குறைக்கிறது இதுதான். முன்பக்கம் பார்த்துப் படம் வரைஞ்சேன். ஈயம் வைக்கும்போது கவுத்துப் போட்டுட்டேன். இடது கால் வலது காலாயிடுச்சு. வண்டிக் கரண்ட் குறையாம அப்படியே பிளேயருக்குள்ள போயிருக்கு.

மாமா: விடுடா. தப்பு வராதவன் யாரு? அடுத்ததைச் சரியா செஞ்சாப் போச்சு.

மச்சான்: அடுத்ததும் செஞ்சாச்சு.

மாமா: யாருக்கு?

மச்சான்: வேலை கேட்டுப் போனேன்ல, ஒர்க்‌ஷாப்பு... அந்த ஓனருக்கு. 'உன் கைவேலையைக் காட்டு'ன்னாரு. அதே படம் மாமா. அதே மாதிரி கவுத்துப் போட்டது.

மாமா: ஐயையோ! ஓடு, அவரு சொருகறதுக்கு முன்னாடி...

மச்சான்: காலையிலயே சொருகிட்டாரு. அவரு பொண்ணோட பிளேயரு. கருகிடுச்சு.

மாமா: நீ என்னடா சொன்ன?

மச்சான்: 'எங்க மாமா வண்டியில மாசக்கணக்கா ஓடுது சார், உங்க வண்டியிலதான் கோளாறு'ன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்... 'அப்படியா, காட்டு'ன்னு கூடவே கிளம்பிட்டாரு மாமா. கேட்டுக்கிட்ட நிக்கிறவரு அவருதான்.