இன்றைக்குக் கடல் ஏறாது

சனிக்கிழமை, ஸ்ட்ராத்ஃபீல்ட் போகும் ரயில். கணக்கு டியூஷனுக்குப் போகும் இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஈழத்துப் பேச்சு, மற்றவள் சென்னைப் பேச்சு.

“இண்டைக்குக் கடல் ஏறாது,” என்றாள் ஈழத்துப் பெண். “பாறையில நிண்டு ஆறுதலா மீன் பிடியுங்கோ எண்டு அப்பாவுக்குச் சொல்லிப்போட்டன்.”

“கடல் எப்படிடி ஏறாம இருக்கும்?”

“தண்ணி மட்டத்துக்கு சைன் கிராஃப் கீறிப் பார்த்தனான். நேர்கோடு மாதிரித்தான் வந்தது.”

சென்னைப் பெண் அவளுடைய கால்குலேட்டரை வாங்கிப் பார்த்தாள்.

“சைன் கிராஃப்னா அலை மாதிரி ஏறி இறங்கணும். இது டிகிரில இருக்கு. ரேடியன்ல வைக்கணும்னு மிஸ் எத்தனை தடவை சொன்னாங்க?”

அவள் மாற்றிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள். கோடு மலைபோல எழுந்திருந்தது.

“இப்ப கடல் பாதிதான் ஏறியிருக்கு, இன்னும் ஏறும்,” என்றாள் மெதுவாக.

ஈழத்துப் பெண் உடனே அப்பாவை அழைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“அப்பா, எங்க நிக்கிறியள்?”

“பாறையிலதான் பிள்ளை. முழங்கால் மட்டும் தண்ணி வந்திட்டுது. மற்ற ஆக்கள் எல்லாரும் போயிட்டினம்.”

தோழி குனிந்து போனில் சொன்னாள்.

“அங்கிள், தூண்டிலை விட்டுட்டு உடனே கரைக்கு ஏறுங்க.”

“ஏன் பிள்ளை? இவளின்ர கணக்கில ஏறாதெண்டெல்லோ வந்தது. அதை நம்பித்தானே நிக்கிறன்.”